வயர்லெஸ் கிட்டார் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வயர்லெஸ்ஸில் வாசிக்கும்போது சத்தம் கெட்டுப்போனால் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது சேனல் பட்டனில்தான். ஒரு சேனல் மாற்றுவார்கள், இன்னொன்று மாற்றுவார்கள், கடைசியில் கருவியே சரியில்லை என்று ஓரம் கட்டிவிடுவார்கள். உண்மையில் நான் பார்த்த கோளாறுகளில் காற்றில் இருந்தவை குறைவு. கிட்டாரில் பிளக் செருகும் ஜாக், கிட்டாரின் ஒலியை ரேடியோ அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி, அதை வாங்கி ஆம்புக்குத் தரும் ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர், தவறாக வைத்த கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) ஆகிய நாலில் ஒன்றுதான் அடிக்கடி மாட்டும். சத்தம் எந்த விதத்தில் கெடுகிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்டாலே எங்கே தேட வேண்டும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். அதனால்தான் இதைக் காதில் விழும் அறிகுறியின் வரிசையில் எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்: கேபிள் சோதனை

உங்கள் வயர்லெஸ் அமைப்பு மூன்று துண்டுகள். கிட்டார் முதல் டிரான்ஸ்மிட்டர் வரை ஒன்று. டிரான்ஸ்மிட்டர் முதல் ரிசீவர் வரை, அதாவது காற்று, இரண்டாவது. ரிசீவர் முதல் ஆம்ப் வரை மூன்றாவது. கோளாறு எந்தத் துண்டில் என்று தெரியாமல் எதை மாற்றினாலும் நேரம்தான் வீண்.

ஆம்பின் வால்யூமைக் குறைத்துவிட்டு, நல்ல கேபிள் ஒன்றால் கிட்டாரை நேராக ஆம்பில் செருகி வாசித்துப் பாருங்கள். அப்போதும் அதே கோளாறு இருந்தால் வயர்லெஸ்ஸை விட்டுவிட்டுக் கிட்டாரையும் ஆம்பையும் பாருங்கள். கேபிளில் சுத்தமாக வந்தால் அடுத்த படி: ரிசீவரை மட்டும் ஆம்பில் இணைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்தே வையுங்கள். இந்த நிலையில் ஆம்ப் அமைதியாக இருக்க வேண்டும். இரைச்சல் வந்தால் மூன்றாவது துண்டில் குற்றம். ரிசீவரின் மின்சாரமோ, அதிலிருந்து ஆம்புக்குப் போகும் சின்னக் கேபிளோ காரணம். அமைதியாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள், கிட்டார் வால்யூம் பூஜ்யத்தில். இப்போது தொடங்கும் சத்தம் காற்றிலிருந்தோ டிரான்ஸ்மிட்டரிலிருந்தோ வருகிறது. வால்யூமைத் திறந்த பிறகே தொடங்கினால் கிட்டாரைச் சந்தேகியுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்த பிறகு கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: சத்தமே வரவில்லை

ரிசீவரின் விளக்குகளைப் பாருங்கள். பெரும்பாலான ரிசீவர்களில் ரேடியோ சிக்னல் வருகிறதா என்பதற்கு ஒரு விளக்கும், அதில் கிட்டாரின் ஒலி வருகிறதா என்பதற்கு இன்னொன்றும் இருக்கும். ரேடியோ விளக்கே எரியவில்லை என்றால் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே சேனலில் இல்லை, அல்லது ஜோடி சேரவில்லை, அல்லது பேட்டரி இல்லை. ரேடியோ விளக்கு எரிந்து, தந்தியை மீட்டும்போது ஒலி விளக்கு அசையவே இல்லை என்றால் கிட்டார் பக்கம் பாருங்கள்: வால்யூம் நாப், ஜாக், டிரான்ஸ்மிட்டரின் மியூட் சுவிட்ச். இரண்டு விளக்கும் ஒழுங்காக இருந்தும் ஆம்ப் ஊமையாக இருந்தால் கோளாறு ரிசீவரைத் தாண்டித்தான். டியூனர் பெடல் மியூட்டில் நிற்பது இந்த இடத்தில் மிகச் சாதாரணம். இரண்டு அவுட்புட் உள்ள ரிசீவரில், டியூனருக்கான ஜாக்கில் ஆம்ப் கேபிளைச் செருகியிருப்பதும் நடக்கும்.

உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த சின்ன டிரான்ஸ்மிட்டர்களை மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் பையில் வைத்திருந்தால், செருகிய உடனே விளக்கு எரியாமல் போகலாம். செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அரை மணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள். பல நேரம் விழித்துக்கொள்ளும். டபுள் ஏ பேட்டரி போடும் பெல்ட் பேக்கில் (இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர்) ஸ்பிரிங்கின் நுனியைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள்.

அறிகுறி: சத்தம் விட்டுவிட்டு வருகிறது

இதுதான் உண்மையில் காற்றின் பிரச்சினை, எல்லோரையும் மேடையில் கைவிடுவதும் இதுதான். அனலாக் கருவியில் சிக்னல் அறுந்தால் 'புஸ்' என்று ஒரு இரைச்சல் பாய்ந்து வரும். டிஜிட்டலில் அப்படி வராது. கத்தரித்த மாதிரி ஒரு துண்டு அமைதி, பிறகு மறுபடி சத்தம். டிஜிட்டல் கருவியில் கரகரவென்று கேட்டால் அது பெரும்பாலும் ஜாக்கின் கோளாறு, அதைப் பிறகு பார்ப்போம்.

எப்போது அறுகிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் திரும்பும்போது மட்டும் அறுகிறதா? உங்கள் உடம்புதான் தடை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், பல டிஜிட்டல் கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், 5.8 கிகாஹெர்ட்ஸை இன்னும் அதிகமாக. முதுகுப் பக்கம் பெல்ட் பேக்கை மாட்டிக்கொண்டு, ரிசீவரை முன்னால் தரையில் பெடல்போர்டில் வைத்தால் இரண்டுக்கும் நடுவே நீங்களே சுவராக நிற்கிறீர்கள். டிரான்ஸ்மிட்டரைத் தோள் பட்டையில் ஏற்றி மாட்டுங்கள், அல்லது ரிசீவரைப் பக்கவாட்டில் ஒரு ஆம்பின் மேல் தூக்கி வையுங்கள். பெல்ட் பேக்கின் ஆன்டெனா கம்பி உடம்போடு ஒட்டாமல், மடங்காமல் தொங்க வேண்டும். பேன்ட் பையில் திணித்தால் தூரம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

மேடையில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் நின்றால் மட்டும் அறுகிறதா? அலை நேராகவும் வருகிறது, சுவரிலும் இரும்பிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான். அதனால் ரிசீவரை ஒரு சாண் நகர்த்தினாலே அந்தச் செத்த இடம் வேறெங்கோ போய்விடும். டைவர்சிட்டி ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனா இருப்பது இதற்காகத்தான்: ஒன்றில் அலை செத்தாலும் மற்றதில் உயிரோடு இருக்கும். இரண்டையும் ஒரே திசையில் அருகருகே நிறுத்தாமல் ஆங்கில எழுத்து 'வி' வடிவில் விரித்து வையுங்கள். ரிசீவரை இரும்பு ரேக்குக்கு உள்ளேயோ ஆம்புக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள்; அலை இரும்பை ஊடுருவாது.

சவுண்ட் செக்கில் நன்றாக இருந்து, கூட்டம் வந்ததும் அறுகிறதா? காலி அரங்கில் இல்லாத இரண்டு விஷயங்கள் இப்போது வந்துவிட்டன. ஒன்று, அலையை உறிஞ்சும் உடம்புகள். இரண்டு, ஒவ்வொருவர் பையிலும் வைஃபையும் புளூடூத்தும் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு போன். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுவெளி. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்தச் சின்ன இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கூட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தூரத்தைக் குறைக்க முடியும். தடையில்லாத வெளியில் தூரம் பாதியானால் சிக்னல் 6 டெசிபல் கூடும். மேடைக்கு எதிரே அரங்கின் கோடியில் மிக்ஸர் பக்கத்தில் ரிசீவரை வைத்தால் கூட்டம் முழுவதையும் தாண்டி அலை போக வேண்டும். ரிசீவரை மேடையிலேயே, தலைக்கு மேல் உயரத்தில், உங்களுக்கு 3 முதல் 5 மீட்டருக்குள் வையுங்கள்.

இன்னொரு குற்றவாளியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. டிஜிட்டல் மிக்ஸரை டேப்லெட்டிலிருந்து இயக்க இப்போது எல்லா இடத்திலும் ஒரு வைஃபை ரௌட்டர் வைக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியில் கிட்டார் ஒவ்வொரு சில நொடிக்கும் வெட்டி வெட்டி வந்தது. மூன்று சேனல் மாற்றியும் பயனில்லை. ரேக்கின் முன்பக்கம் திரும்பிப் பார்த்தால், மேல்தட்டில் ரௌட்டர், மூன்று கொம்பையும் நீட்டிக்கொண்டு. அதன் கொம்பு ஒன்று கிட்டார் ரிசீவரின் மேல்மூடியைத் தொட்டபடி சாய்ந்திருந்தது. ரிசீவரை எடுத்து மேடையின் மறுகோடியில் வைத்ததும் சரியாகிவிட்டது.

ரௌட்டருக்கும் ரிசீவருக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே கேட்டு ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுக்கமாட்டார், அவருடைய டேப்லெட்டுக்கும் அதுதான் நல்லது. 2.4-லேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே சேனலில் நிறுத்தச் சொல்லுங்கள். வைஃபையில் வழக்கமாகப் பயன்படும் 1, 6, 11 சேனல்களின் மையம் 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸ். ரௌட்டர் 1-ல் நின்றால் உங்கள் கருவியை மேல்முனைக்கு நகர்த்தலாம். உங்களுடையது 5.8 கிகாஹெர்ட்ஸ் அமைப்பு என்றால் கதை தலைகீழ். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் 149 முதல் 165 வரையிலான சேனல்களில் இருந்தால் நேராக உங்கள் மேல் மோதும். 36 முதல் 48 வரை உள்ளவற்றில் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் மட்டும் அறுந்தால் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறதா என்று பாருங்கள், அது 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கணினி அருகே வாசிப்பவர்கள் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கையும் அதன் கேபிளையும் ரிசீவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். அந்த இணைப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும். 600 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் ஓடும் யூஎச்எஃப் கருவிகளுக்கு மேடையின் பின்னணியில் நிற்கும் எல்இடி திரை பெரிய தொல்லை. திரையை ஓடவிட்டபடியே சேனல் தேடுங்கள். அணைத்து வைத்துத் தேடியது நிகழ்ச்சியில் உதவாது.

அறிகுறி: அசையும்போது கரகர, டப்டப்

ஜாக். பெரும்பாலும் ஜாக்தான்.

கேபிள் செருகும் காலத்தில் கேபிளின் எடையைப் பட்டை தாங்கிக்கொள்ளும். ஜாக்கில் நேராகச் செருகும் சின்ன டிரான்ஸ்மிட்டர் அப்படியில்லை. அது நெம்புகோலாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, நீங்கள் அசையும் ஒவ்வொரு முறையும் ஜாக்கை ஆட்டுகிறது. நாளடைவில் நட்டு தளரும், உள்ளே பிடிமானம் போகும். டிரான்ஸ்மிட்டரை விரலால் மெல்ல மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சத்தம் அதோடு சேர்ந்து வந்தால் காரணம் உறுதி.

ஆம்பை அணைத்து, ஜாக் தகட்டின் திருகுகளைக் கழற்றி, ஜாக்கை வெளியே எடுங்கள். பிளக்கின் நுனியை அழுத்திப் பிடிக்கும் வளைந்த தகடு ஒன்று தெரியும். பிளக்கைச் செருகிப் பார்க்கும்போது அது நுனிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அழுத்தமாக உட்கார வேண்டும். தொட்டும் தொடாமலும் இருந்தால், பிளக்கை எடுத்துவிட்டு அந்தத் தகட்டை உள்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டுப் பிளக்கைப் பலமுறை செருகி எடுங்கள். நட்டை இறுக்கும்போது ஜாக்கின் உடலை உள்ளே கையால் பிடித்துக்கொள்வது முக்கியம். பிடிக்காமல் வெளியிலிருந்து இறுக்கினால் ஜாக் முழுவதும் சுற்றி, பற்றவைத்த கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) கிட்டாரில் உள்ளது போன்ற குழிந்த ஜாக்கில் சில டிரான்ஸ்மிட்டர்கள் முழுவதும் உள்ளே போகாது. முக்கால் தூரம் போய் நின்றாலும் சத்தம் வரும், அதனால் சரியாக இருப்பதாகத் தோன்றும், குதித்ததும் போய்விடும். இதற்கும் நீண்டு நிற்கும் எடைக்கும் ஒரே மருந்துதான்: இரு முனையிலும் பிளக் சேர்ந்த ஒரு அடிக் கேபிள் வாங்கி, டிரான்ஸ்மிட்டரைப் பட்டையில் மாட்டுங்கள்.

அறிகுறி: ரீங்காரம், கீச்சொலி, 'டிர்ர்ர்'

சத்தத்தின் உயரத்தைக் கேளுங்கள். அடித்தொண்டையில் இழுப்பது போன்ற தாழ்ந்த 'ம்ம்ம்' என்றால் அது மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஏறி இறங்கினால் சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. கேபிளிலும் இதே சத்தம் இருக்கும். தந்தியைத் தொட்டதும் குறைந்தால் கிட்டாரின் உள்ளே கவசம் போதவில்லை. இந்த இரண்டுக்கும் வயர்லெஸ் பொறுப்பல்ல.

டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகும் நிற்காத ரீங்காரமோ, 'கீ' என்ற மெல்லிய கீச்சொலியோ இருந்தால் ரிசீவரின் மின்சாரத்தைப் பாருங்கள். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகப் பல பெடல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, டிஜிட்டல் ரிசீவரின் உள்சத்தம் அந்தக் கம்பி வழியாகவே பக்கத்தில் சத்தத்தை முறுக்கேற்றும் ஓவர்டிரைவ் பெடலுக்குள் நுழைந்து பெருகும். ரிசீவருக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் கொண்ட பவர் சப்ளை வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு; இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். யூஎஸ்பியில் ஓடும் ரிசீவரைக் கணினியிலிருந்து எடுத்து பவர் பேங்கில் போட்டாலே பல நேரம் அமைதியாகிவிடும், ஏனென்றால் தரை இணைப்பு வழியாகச் சுற்றும் வளையம் அறுந்துவிடுகிறது. டிரான்ஸ்மிட்டர் சார்ஜில் இருக்கும்போதே வாசித்தாலும் கீச்சொலி வரலாம்.

ரிசீவர் திடீரென்று அணைந்து தானே மறுபடி எரிந்தால் அதற்கு வேண்டிய மில்லிஆம்ப் கிடைக்கவில்லை. அடிப்பக்க லேபிளில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாகத் தரக்கூடிய அவுட்புட்டில் செருகுங்கள். பெடல்களில் வழக்கம் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஆனால் எல்லா ரிசீவரும் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டதில்லை, செருகுவதற்கு முன் படித்துப் பாருங்கள்.

ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடும் முன்பெருக்கி சேர்ந்தது) உள்ள கிட்டாரிலும் பேஸிலும் மட்டும் ஒரு கூர்மையான கீச்சொலி வருவது தனி ரகம். ஜாக்கில் நேராகச் செருகிய டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ அலை, ஒரு விரல்கடை தூரத்தில் உள்ள முன்பெருக்கிச் சுற்றுக்குள் புகுந்து ஒலியாக மாறுகிறது. டிரான்ஸ்மிட்டர் கெடவில்லை, கிட்டாரும் கெடவில்லை. இரண்டும் மிக நெருக்கம், அவ்வளவே. முன்பு சொன்ன ஒரு அடிக் கேபிள் இங்கேயும் பல நேரம் காப்பாற்றும். ஆக்டிவ் கருவிகளுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்பதையும் கையேட்டில் பாருங்கள்.

'டிர்ர்ர் டிர்ர்ர்' என்று தாளத்தோடு அடித்தால் பையிலிருக்கும் போன். மேடையேறும் முன் அதை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், அல்லது கீழேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: சத்தம் வருகிறது, ஆனால் என் கிட்டார் மாதிரி இல்லை

வயர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். எதுவும் உடையவில்லை, எந்த விளக்கும் சிவப்பாகவில்லை, ஆனால் சத்தம் மெலிந்து, கண்ணாடி மாதிரி கூராக இருக்கிறது. காரணம், ஒரு பொருள் கூடுதலாக வந்ததில்லை. ஒரு பொருள் இல்லாமல் போயிருக்கிறது. அது கேபிள்.

கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) உண்டு. பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட ஒரு சுருள். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலின் இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி அளவில் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தூக்கிக் காட்டும். 6 மீட்டர் கேபிளோடு அந்த மேடு சுமார் 3.8 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது; நம் காதுக்குப் பழகிய இனிமையான கூர்மை அதுதான். கேபிளை எடுத்துவிட்டு டிரான்ஸ்மிட்டரை நேராகச் செருகினால் மேடு 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏறிவிடும். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடுவதால், அந்தப் பழைய மேடு காணாமல் போனதுதான் நமக்குக் கேட்கிறது. ஸ்பீக்கர் கேபினெட் இல்லாமல் நேராக பிஏ-வில் (அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பு) போனால் மேலேறிய மேடும் சேர்ந்து கேட்கும், இன்னும் கடுமையாக.

கருவியில் கேபிளின் விளைவைப் போலி செய்யும் கேபிள் டோன் என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பாஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்-20-ல் 3 மீட்டர் கேபிளின் விளைவு உள்ளேயே சேர்த்து வருகிறது. அதே குடும்பத்து டபிள்யூஎல்-20எல்-ல் அது கிடையாது, அக்கூஸ்டிக், ஆக்டிவ் கருவிகளுக்கானது என்பதால். வாங்கும்போது எழுத்து ஒன்றில் மாறிப் போவதுண்டு. அமைப்பே இல்லாத கருவிக்கு, 470 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கிட்டாரின் அவுட்புட் ஜாக்கில் சிக்னல் முனைக்கும் தரைமுனைக்கும் நடுவே பற்றவைத்தால் போதும். அற்ப விலைப் பொருள், விளைவு பெரிது. ரிசீவருக்குப் பிறகு நீளமான கேபிள் போட்டு ஈடுகட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள், பயன் இல்லை. ரிசீவரின் அவுட்புட் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கான மின்தடை) குறைவு என்பதால் அந்தக் கேபிளின் கெபாசிட்டன்ஸ் அங்கே எதையும் மாற்றாது. கிட்டாருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் சேர்த்தால்தான் வேலை செய்யும்.

சத்தத்தை வேண்டுமென்றே கடுமையாக உடைக்கும் ஃபஸ் பெடல் சொன்னபடி கேட்காமல் போவதும் இதே குடும்பத்துக் கோளாறு. 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றுகள் பிக்கப்போடு நேராகக் கைகோத்து வேலை செய்பவை. கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் ஃபஸ் தெளிந்து, மணி போன்ற ஒரு சுத்தமான சத்தம் வரும்; அந்த வித்தைக்கு பிக்கப்பின் இம்பிடன்ஸ் வேண்டும். ரிசீவர் நடுவில் வந்ததும் அந்தக் கைப்பிடி விட்டுப்போகிறது. சத்தம் தகரம் மாதிரி கிழியும், வால்யூமைக் குறைத்தால் தெளியாமல் சும்மா சின்னதாகும். ஃபஸ்ஸுக்கு முன்னால் 10 கிலோஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் தொடராகச் சேர்த்தால் ஓரளவு மென்மையாகும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து பிக்கப்பைப் போலி செய்யும் சின்ன பெடல்கள் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஃபஸ்தான் உங்கள் சத்தத்தின் உயிர் என்றால், அந்தப் பாடல்களுக்குக் கேபிளில் வாசிப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

அறிகுறி: உடைகிறது, அல்லது வலுவில்லை

கேபிளில் சுத்தமாக இருந்த சத்தம் வயர்லெஸ்ஸில் ஓங்கி அடிக்கும்போது மட்டும் உடைந்தால் டிரான்ஸ்மிட்டரின் உள்ளீடு நிரம்பி வழிகிறது. வலுவான ஹம்பக்கரும் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஆக்டிவ் பிக்கப்பும் இதைச் சுலபமாகச் செய்துவிடும். பிக்கப்பை முழு வால்யூமில் வைத்து, உங்களால் முடிந்த அளவு ஓங்கி ஒரு கார்டு அடித்து, உச்ச விளக்கு எரியாத அளவுக்கு டிரான்ஸ்மிட்டர் கெயினைக் குறையுங்கள். அதன்பின் ரிசீவர் அவுட்புட்டை, கேபிளில் வரும் சத்தத்துக்குச் சமமாக வையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிரான்ஸ்மிட்டரில் உடைந்ததை ரிசீவரில் குறைத்தால் உடைந்த சத்தமே சின்னதாக வரும், அவ்வளவுதான்.

கொஞ்சம் கூடுதலாக வைத்தால் ஆம்ப் சீக்கிரம் சூடேறிப் பாடும் என்பதும் உண்மை. 1970-களில் கென் ஷாஃபர் உருவாக்கிய ஷாஃபர்-வேகா வயர்லெஸ்ஸை ஏசி/டிசி-யின் ஆங்கஸ் யங் பயன்படுத்தினார். அதன் கூடுதல் கெயினும், ஒலியைச் சுருக்கி விரிக்கும் சுற்றும் அவருடைய சத்தத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன. விரும்பிச் செய்தால் அது டோன். தெரியாமல் நடந்தால் கோளாறு.

அந்தச் சுருக்கி விரிக்கும் சுற்று அனலாக் கருவிகளில் பொதுவாக இருப்பது. நீளமாக ஒரு சுரத்தை விட்டுவைக்கும்போது, அது தேயத் தேய பின்னால் இரைச்சல் மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால் அதுதான் காரணம். டிரான்ஸ்மிட்டர் கெயின் மிகக் குறைவாக இருந்தால் இது மோசமாகும். முதலில் கெயினைச் சரிசெய்யுங்கள், இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டைப் பிறகு பார்க்கலாம்.

அறிகுறி: அடித்த பிறகு தாமதமாகக் கேட்கிறது

டிஜிட்டல் கிட்டார் வயர்லெஸ்ஸில் தாமதம் பொதுவாகச் சில மில்லி விநாடிகள்தான். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 5 மில்லி விநாடி என்பது ஆம்பிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். அது மட்டும் தனியாக யாருக்கும் இடைஞ்சல் தராது. அதோடு டிஜிட்டல் மல்டி எஃபெக்ட், டிஜிட்டல் மிக்ஸர், காதுக்குள் வைத்துக் கேட்கும் வயர்லெஸ் இன்-இயர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்த்தால் கை கனப்பது போல உணர்வீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். சங்கிலியில் எங்காவது சாதாரண புளூடூத் ஹெட்போனோ ஸ்பீக்கரோ இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அதில் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம், அதில் நேரலையாக வாசிக்க முடியாது.

அறிகுறி: வேறொருவரின் சத்தம் என் ஆம்பில்

ஒரே குழுவில் இரண்டு பேர் ஒரே மாதிரிக் கருவி வைத்திருந்தால் ஒவ்வொருவராகத் தனித்தனியே ஜோடி சேருங்கள், மற்றவருடையது அணைந்திருக்கும்போது.

யூஎச்எஃப்-பில் சேனல் வேறாக இருந்தும் மோதல் வரலாம். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே ஓடும்போது அவை கலந்து புதிய அலைகள் பிறக்கும். 600, 602 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பேர் இருந்தால் 598-லும் 604-லும் போலி அலை தோன்றும். மூன்றாமவர் சரியாக 604-ல் போய் நின்றால் மாட்டிக்கொள்வார். அதனால்தான் சம இடைவெளியில் அலைவரிசை தேர்ந்தெடுக்கக் கூடாது. தயாரிப்பாளர் தந்திருக்கும் குழுப் பட்டியலில் ஒரே குழுவின் சேனல்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கை அவர்கள் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்.

பழைய யூஎச்எஃப் கருவியை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் அதன் அலைவரிசை தங்கள் நாட்டில் இன்னும் அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பாகம் மொபைல் சேவைக்குப் போய்விட்டதால், 2020 ஜூலை 13-க்குப் பிறகு அந்தப் பெரும்பாகத்தில் வயர்லெஸ் மைக் வகைக் கருவிகளுக்கு அனுமதி இல்லை. அப்படிப்பட்ட கருவி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் மொபைல் கோபுரத்தோடு போட்டி போட முடியாது.

அறிகுறி: கேபிளுக்கு மாறினால் உதட்டில் ஷாக்

இதைக் கடைசியில் வைத்தாலும் இதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. வயர்லெஸ்ஸில் எல்லாம் சரியாக இருந்து, பேட்டரி தீர்ந்து கேபிளுக்கு மாறியதும் மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது என்றால், மேடையின் எர்த்திங் கெட்டிருக்கிறது. வயர்லெஸ்ஸில் உங்கள் தந்திகளுக்கும் ஆம்புக்கும் கம்பித் தொடர்பு இல்லாததால் அந்தக் கோளாறு மறைந்திருந்தது. 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976-ல் ஃப்ளோரிடாவின் லேக்லாண்டில் கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரெய்லி எர்த் இல்லாத கைப்பிடிக் கம்பியைத் தொட்டுத் தூக்கியெறியப்பட்டார். அதன்பின் அந்தக் குழு வயர்லெஸ்ஸுக்கு மாறியது.

சின்ன சுரீர்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்காதீர்கள். ஆம்பின் எர்த் முனையை உடைத்தோ டேப் சுற்றியோ ரீங்காரத்தை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் அந்த ஆம்பை உடனே அணையுங்கள். ஆம்பும் மிக்ஸரும் ஒரே மின்வழியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். எலக்ட்ரீஷியன் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை கேபிளைச் செருக வேண்டாம்; மாற்றுப் பேட்டரி இருந்தால் அதில் வாசியுங்கள், பாடுபவராக இருந்தால் மைக்கில் நுரை உறை போட்ட பிறகும் உதட்டை ஒட்டாதீர்கள்.